அடியில் ஒட்டிய தாளைச் சுரண்டாதீர்கள்

போன மாதம் உக்கடம் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் கண்ணாடி பேப்பர் வெயிட் ஒன்றைக் கையில் எடுத்தேன். நல்ல கனம். அரை உருண்டை வடிவம். மேலே ஒரு சின்ன நெளிசல் தவிர பழுது கிடையாது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் துடைத்து விட்டதுபோல் இருக்கிறது. ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு தாள் துணுக்கு. அதில் "ழா 1961" என்று பாதி எழுத்து.

கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்: "அடியில கறை புடிச்ச பேப்பர் ஒண்ணு ஒட்டியிருந்துச்சுங்க சார். சுடுதண்ணில ஊறப்போட்டு பிளேடுல சுரண்டிட்டேன். இப்பப் பாருங்க, எப்படி இருக்குதுன்னு!"

இருநூறு ரூபாய் சொன்னார். அந்தத் தாளோடு கொடுத்திருந்தால் ஐந்நூறு கொடுத்து வாங்கியிருப்பேன். தாள் போனபிறகு எனக்கு அது ஐம்பது ரூபாய் பெறாது. என்ன விழா, யாருடைய விழா, எந்த ஊர் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. 1961-ல் யாரோ எதையோ கொண்டாடினார்கள், அவ்வளவுதான் மிச்சம்.

கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? அவரிடம் வந்து வாங்குகிறவர்கள் "பழசா இருக்கணும், ஆனா புதுசு மாதிரி இருக்கணும்" என்று கேட்பவர்கள். என் கோபமெல்லாம் சேகரிப்பவர்கள் என்று சொல்லிக்கொண்டு கண்ணாடியை மட்டும் பார்க்கிற நம்மவர்கள் மீதுதான். நினைவுப் பரிசாகக் கொடுத்த பேப்பர் வெயிட்டில் கண்ணாடி வெறும் பெட்டி. சாமான் அடியில் ஒட்டியிருக்கும் தாள். பெட்டியை வைத்துக்கொண்டு சாமானைத் தூக்கி எறிகிறோம். இதைப் பலமுறை பலரிடம் வாயால் சொல்லியாகிவிட்டது. இன்று எழுதியும் வைத்துவிடுகிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். பேப்பர் வெயிட் இல்லாத மேசையை நாம் பார்த்ததுண்டா? தலைக்கு மேலே ஃபேன் ஓடும். அதை மூன்றில் வைத்தால் வவுச்சர் பறக்கும், ஒன்றில் வைத்தால் வியர்வை லெட்ஜரில் சொட்டும். ஆகவே ஆளுக்கு நாலு பேப்பர் வெயிட். வவுச்சரை அமுக்கவா மட்டும் அது இருந்தது? பியூனைக் கூப்பிட மேசையில் தட்ட, ஏலக்காய் நசுக்க, பின்னூசியை நிமிர்த்த, கோபம் வந்தால் ஓங்கி வைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். எங்கள் மேனேஜர் ஒருவர் கடன் கேட்டு வந்தவர் பேசி முடிக்கும்வரை அதைப் பம்பரம்போல் சுற்றிக்கொண்டே இருப்பார். அது தானாக நின்றால் கடன் உண்டு, அவர் கையால் அமுக்கி நிறுத்தினால் கிடையாது என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தோம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இப்போது பேங்கில் ஏ.சி. வந்துவிட்டது. ஃபேன் இல்லை. கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பறக்கத் தாளும் இல்லை. எதிரி இரண்டும் போனபிறகு காவல்காரனுக்கு என்ன வேலை!

நான் 1971-ல் கிளார்க்காகச் சேர்ந்தேன். 1969 ஜூலையில் 14 பெரிய வங்கிகளை அரசுடைமை ஆக்கியபிறகு ஊர் ஊராகக் கிளை திறந்த காலம் அது. கிளை திறந்தால் ஒரு நினைவுப் பரிசு, டெபாசிட் இத்தனை லட்சம் தாண்டினால் ஒன்று, வாடிக்கையாளர் கம்பெனிக்கு வெள்ளி விழா என்றால் அவர்கள் நமக்கு ஒன்று. பேனா ஸ்டாண்ட், சாவிக் கொத்து, காலண்டர், பேப்பர் வெயிட். பேனா ஸ்டாண்ட் உடையும், காலண்டர் வருஷம் முடிந்தால் குப்பை. பேப்பர் வெயிட் ஒன்றுதான் சாகாது. 1978-ல் எங்கள் கிளையை வேறு கட்டடத்துக்கு மாற்றியபோது உடைந்த நாற்காலிகளோடு ஒரு மரப்பெட்டி நிறையப் பழைய பேப்பர் வெயிட்டுகள் கிடந்தன. பெட்டியோடு வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று மேனேஜரிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போய்யா, இடம் காலியாகும்" என்றார். அதில் இருந்தவை பத்தொன்பது. இன்று என்னிடம் இருப்பவை 163. "போகும்போது இதையும் கூட எடுத்துட்டுப் போயிடுங்க" என்று என் மனைவி சொல்வது வழக்கம். எங்கே போகும்போது என்று நான் கேட்டதில்லை.

வெளிநாட்டில் இந்தப் பொழுதுபோக்கு பெரிய இடத்து விஷயம். அதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1845-ல் வியன்னாவில் நடந்த தொழில் கண்காட்சியில் வெனிஸ் நகரத்து பியத்ரோ பிகாக்லியா என்பவர் கண்ணாடிக்குள் வண்ணப் பூக்களை அடைத்த உருண்டைகளைக் காட்சிக்கு வைத்தார். பிரான்சில் பக்காரா, சான் லூயி, கிளிஷி என்ற மூன்று கண்ணாடித் தொழிற்சாலைகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டு, அடுத்த பத்தே வருடங்களில், இன்றுவரை உலகம் ஏலத்தில் அடித்துக்கொள்கிற சாமான்களைச் செய்துவிட்டன. காரணம் ஃபேன் அல்ல, கடிதம். இங்கிலாந்தில் 1840-ல் ஒரு பென்னிக்குக் கடிதம் போகும் என்று ஆனபிறகு வீட்டுக்கு வீடு கடிதம் எழுதும் மேசை வந்தது. மேசை வந்தால் அதன்மேல் வைக்க அழகாக ஏதாவது வேண்டுமே.

நினைவுப் பரிசு வகையும் அங்கே பழசுதான். வெள்ளைக் களிமண்ணில் ஒரு முகத்தைப் பதக்கம்போல் செய்து, உருகிய கண்ணாடிக்குள் அடைத்து விடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளியில் செய்ததுபோல் மின்னும். இங்கிலாந்தில் ஆப்ஸ்லி பெல்லாட் என்பவர் 1819-லேயே இதற்குப் பேட்டன்ட் வாங்கியிருக்கிறார். பார்க்க எளிது, செய்யக் கடினம். களிமண்ணும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்கி ஆற வேண்டும், இல்லாவிட்டால் ஆறும்போதே விரிசல் விடும். அமெரிக்க சுதந்திரத்தின் நூறாவது ஆண்டுக்கு 1876-ல் பிலடெல்பியாவில் நடந்த கண்காட்சியில், கில்லிண்டர் கம்பெனி மைதானத்துக்குள்ளேயே கண்ணாடி உலை போட்டு, வந்தவர்கள் கண் முன்னாலேயே சாமான் செய்து விற்றது. 1953-ல் இரண்டாம் எலிசபெத் முடிசூட்டு விழாவுக்கு பக்காராவும் சான் லூயியும் ராணி முகம் வைத்துச் செய்தன. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் நீனா என்ற சிற்றூரில் பேப்பர் வெயிட்டுக்காகவே பேர்போன ஒரு மியூசியம் இருக்கிறது.

அங்கே உள்ள ஒரு வழக்கம் இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டதுதான் எனக்குப் பிரச்சினை. பிரெஞ்சு உருண்டையில் கீறல் விழுந்தால் மேல்பரப்பை லேசாகத் தேய்த்து மெருகு போடுவார்கள். அது அங்கே தவறில்லை. உள்ளே இருக்கும் பூ தெரிய வேண்டும். அதிலும் அளவுக்கு மேல் தேய்த்தால் வளைவு கெட்டு, உள்ளே இருப்பது கோணலாகத் தெரியும் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். நம்மவர்கள் படித்தது பாதி. மேலேயும் தேய்க்கிறார்கள், கீழேயும் சுரண்டுகிறார்கள்.

நம் ஊர்ச் சாமான் வேறு வகை. பெரும்பாலும் பிரோசாபாத் பக்கமிருந்து வந்த சாதாரணக் கண்ணாடி. வளையலுக்குப் பேர்போன ஊர். அரை உருண்டையாக வார்த்து அடியைச் சமமாகத் தேய்த்து அனுப்புவார்கள். இங்கே உள்ளூர் அச்சகத்தில் வட்டமாக ஒரு தாள் அச்சடித்து, முகம் கண்ணாடியைப் பார்க்கும்படி கோந்து போட்டு ஒட்டி, அதன்மேல் பச்சைக் கம்பளித் துணியோ ரெக்சினோ வைத்து மூடுவார்கள். மேலேயிருந்து பார்த்தால் வளைந்த கண்ணாடி பூதக்கண்ணாடி வேலை செய்து தாளைப் பெரிதாக்கிக் காட்டும். பழைய பிளாக் அச்சின் புள்ளிகள்கூட ஒவ்வொன்றாகத் தெரியும். கண்ணாடியில் ஒரு கலையும் கிடையாது. ஒப்புக்கொள்கிறேன். ஒரே அச்சில் வார்த்த ஆயிரத்தில் ஒன்று. ஆனால் அந்தத் தாள்? அது நூறோ இருநூறோ அடித்திருப்பார்கள். அதில் எத்தனை மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

என்னிடம் இருந்த ஒன்றைப் பற்றிச் சொன்னால்தான் புரியும். எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒரு நூற்பாலையின் வெள்ளி விழாவுக்குக் கொடுத்தது. பெயர் வேண்டாம். அந்தக் குடும்பத்தவர் சிலர் இதைப் படிக்கிறார்கள்.

கோயம்புத்தூருக்கு மில் ஒன்றும் நேற்று வந்ததல்ல. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் மில்லைத் தொடங்கினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு மில்கள் மளமளவென்று முளைத்தன. விடியற்காலையில் ஒவ்வொரு மில் சங்கும் ஒவ்வொரு சுருதியில் ஊதும். கடிகாரம் இல்லாத வீட்டில்கூடப் பிள்ளைகள் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போனது சங்கை வைத்துத்தான். 1970-களில் நலிந்த ஆலைகள் பலவற்றை அரசு எடுத்துக்கொண்டது. அதன்பிறகும் ஒவ்வொன்றாக மூடின. மில் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி, கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை. பஸ் ஸ்டாப்பின் பெயரில் மட்டும் மில் இருக்கிறது. இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு ஏன் அந்தப் பெயர் என்று தெரியாது.

அந்த பேப்பர் வெயிட்டின் தாளில் மில்லின் முகப்பு. நடுவில் இரும்புக் கேட். பின்னால் புகைபோக்கி. இடது பக்கம் ஓட்டுக் கூரை போட்ட ஒரு நீள அறை. வலது பக்கம் ஒரு வேப்பமரம். சுற்றிலும் வட்டமாக மில் பெயர், "வெள்ளி விழா", ஆண்டு, தொடங்கியபோது இத்தனை ஸ்பிண்டில், இப்போது இத்தனை ஸ்பிண்டில் என்ற கணக்கு. ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் அச்சகத்தின் பெயர். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்துக்குள் இவ்வளவும்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்பு எங்கள் தெருவில் குடிவந்த ஒருவரின் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எண்பத்தைந்து வயது இருக்கும். காது மந்தம், கண் நன்றாக இருந்தது. நான் அலமாரியைத் திறந்து வழக்கம்போல் கடை பரப்பினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அதைக் கையில் எடுத்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இது எங்க மில்லுங்களே!"

முப்பத்தொரு வருஷம் அங்கே ரிங் பிரேமில் வேலை பார்த்தவர். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். ஓட்டுக் கூரை அறைதான் டைம் ஆபீஸ். வேப்பமரத்துக்குப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்ட், படத்தில் ஒரு ஓரம்தான் தெரிகிறது. கேட்டின் வலது தூணில் யூனியன் போர்டு மாட்டியிருப்பார்கள், வெள்ளி விழாவுக்கு அதைக் கழற்றிவிட்டார்களாம். அதனால் படத்தில் இல்லை. "போட்டோ எடுக்கற அன்னிக்கு மட்டும் கழட்டுனாங்க. மக்யா நாளே நாங்க மாட்டிட்டோம்" என்று சிரித்தார்.

விழாவுக்கு உங்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளருங்க. பேரு வெட்டுனது. லட்டு. இந்தக் கண்ணாடி எல்லாம் ஆபீசருங்களுக்கு, பஞ்சு ஏஜென்டுக்கு, பேங்க்காரங்களுக்கு. நாங்க மேசை மேல இருக்கறப்ப பாத்ததோட சரி."

டம்ளர் எங்கே என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவரே சொன்னார். மில் மூடியபிறகு கணக்குத் தீர்க்கும்வரை ஓடிய வருஷங்களில் பாத்திரக்கடைக்குப் போனவற்றில் அதுவும் ஒன்று. மில் படம் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. கேமரா யாரிடம் இருந்தது? பேரனுக்கு மில் இருந்த இடத்தைக் காட்டப் போனால் காட்ட ஒன்றுமில்லை. செக்யூரிட்டி உள்ளே விடவில்லை.

நான் அதை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஈரோட்டில் இருக்கும் என் நண்பருக்கும் எனக்கும் அன்று தொடங்கிய சண்டை இன்னும் தீரவில்லை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தபால்தலை, நாணயம், பேப்பர் வெயிட் மூன்றும் சேர்ப்பவர். "சேர்க்கிறவன் கொடுக்கக் கூடாது சார்" என்பது அவர் கட்சி. அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கிழவர் இருக்கும்வரை பொக்கிஷமாக வைத்திருப்பார். மகன் பத்து வருஷம் வைத்திருப்பான். பேரன் வீடு மாறும்போது அட்டைப்பெட்டியில் போடுவான். அதற்கு அடுத்த கை பிளேடு எடுக்கும். அலமாரியில் நூற்றறுபதோடு ஒன்றாக இருந்தால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு, தனியாகப் போனால் அது வெறும் கண்ணாடி என்பார். மில் வரலாறு எழுதுகிறவன் நாளை உங்களிடம்தானே வருவான், அந்த மாமனாரிடமா போவான் என்றும் கேட்டார்.

நான் அவருக்குச் சொன்ன பதில் இதுதான். அந்தப் படத்தில் இருப்பது டைம் ஆபீஸ் என்று எனக்கு அதுவரை தெரியாது. நாற்பது வருஷமாக அதை ஏதோ குடோன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யூனியன் போர்டைக் கழற்றிய கதை எந்தத் தாளிலும் இல்லை. அரைமணி நேரத்தில் அவர் சொன்னதை நான் நோட்டில் எழுதி, படமும் எடுத்து வைத்துக்கொண்டேன். நாளை வரப்போகும் வரலாற்று ஆசிரியருக்கு அது போதும். பேங்க் மேனேஜர் மேசைக்குப் போன சாமான் அந்த மில்லில் நூல் ஓட்டியவர் வீட்டுக்கு ஒரு தலைமுறை கழித்தாவது போகட்டுமே. பிரெஞ்சு எழுத்தாளர் கொலெத் இந்த உருண்டைகளைப் பைத்தியமாகச் சேர்த்தவர். இளைஞராக இருந்த ட்ரூமன் கபோட்டி வீட்டுக்கு வந்தபோது தனக்குப் பிடித்த ஒன்றையே எடுத்துக் கொடுத்தாராம். ஆசையாக வைத்திருப்பதைக் கொடுத்தால்தானே பரிசு என்ற பொருளில் அந்த அம்மாள் சொன்னதாகக் கபோட்டி எழுதியிருக்கிறார். இதையும் ஈரோட்டுக்காரரிடம் சொன்னேன். "அவங்ககிட்ட டூப்ளிகேட் இருந்திருக்கும்" என்றார்.

பெரியவர் அடுத்த வருஷமே காலமாகிவிட்டார். ஈரோட்டுக்காரர் உடனே போன் செய்து, "கண்ணாடி என்னாச்சு?" என்றார். துக்கம் விசாரிக்கவில்லை, மனுஷர்! போன பொங்கலுக்கு நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். டி.வி. ஸ்டாண்டின்மேல் மின்சார அட்டையையும் மளிகைச் சீட்டையும் அமுக்கிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. திருப்பிப் பார்த்தேன். பச்சைத் துணி பத்திரமாக இருந்தது.

கிடைக்காத இடத்தில் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். இவற்றை மொத்தமாக ஒரு பொது இடத்தில் ஒப்படைக்கலாம் என்று ஒரு நிறுவனத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் இரண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், இது கலைப்பொருளும் இல்ல, பழம்பொருளும் இல்ல" என்றார். இரண்டும் இல்லை என்பது எனக்கும் தெரியும். சோழர் காலத்துச் செம்புத் தகட்டில் யார் யாருக்கு எவ்வளவு நிலம் கொடுத்தார் என்று இருந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறோம். 1961-ல் யார் எங்கே எதைத் தொடங்கினார் என்று கண்ணாடிக்கு அடியில் இருந்தால் சுடுதண்ணீரில் போடுகிறோம். இன்னும் ஐந்நூறு வருஷம் போனால்தான் மரியாதை வரும் என்றால் அதுவரை அந்தத் தாள் இருக்காது என்பதுதான் என் கவலை.

சரி, வைத்திருப்பவர்களுக்குச் சில விஷயம்.

தண்ணீர் ஆகவே ஆகாது. கோந்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சொட்டு நுழைந்தாலும் காபிக் கறைபோல் பழுப்பு வளையம் வரும், அதை எடுக்க வழியே இல்லை. சுடுதண்ணீர் இன்னும் மோசம், தாள் போவது ஒருபுறம், கனமான கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசலும் விடும். ஈரமில்லாத பருத்தித் துணியால் மேலே மட்டும் துடையுங்கள். இராமபாணப் பூச்சிக்குக் கோந்து என்றால் உயிர். அடித்துணி கிழிந்திருந்தால் அதைப் பிய்க்காமல் அதன்மேலேயே வேறு துணியை ஓரத்தில் மட்டும் ஒட்டி மூடுங்கள்.

வெயில் படும் ஜன்னலில் வைக்காதீர்கள். உருண்டைக் கண்ணாடி பூதக்கண்ணாடிதான். வெயிலை ஒரு புள்ளியில் குவித்தால் அடியில் இருக்கும் மேசைவிரிப்பு கருகும். வெளிநாட்டில் இதனால் வீடே தீப்பிடித்ததுண்டு. காகிதத்தைக் காக்க வந்தது காகிதத்துக்கே கொள்ளி வைக்கும்.

வாங்கும்போது அடியில் உள்ள தேய்மானத்தைப் பாருங்கள். மேசையில் இருந்து உழைத்த சாமானின் கீறல்கள் எட்டுத் திசையிலும் ஓடும். நேற்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பழசாக்கியதில் கீறல்கள் வரிசையாக ஒரே பக்கம் போகும். "பிரிட்டிஷ் காலத்துச் சாமான்" என்று ஆன்லைனில் மூவாயிரம் ரூபாய் போடுகிறார்கள், பாதி போன வருஷத்து வார்ப்பு. கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி சில்லென்று இருக்கும். அக்ரிலிக் என்றால் அந்தக் குளிர்ச்சி இருக்காது. அக்ரிலிக் பேப்பர் வெயிட்டுகளை நான் சேர்ப்பதில்லை. காரணம் கேட்டால் என்னிடம் நியாயமான பதில் கிடையாது, அவற்றின் அடியிலும் அதே மாதிரி செய்திதான் இருக்கிறது. ஆனால் மஞ்சளடித்துப் போன பிளாஸ்டிக்கைக் கையில் எடுத்தால் எனக்கு ஒட்டவில்லை. எனக்கு அடுத்து வருகிறவர் யாராவது சேர்க்கட்டும்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. செல்போனைக் கிட்டே கொண்டுபோனால் புகைபோக்கி வாழைப்பழம்போல் வளைந்து தெரியும். நேர் மேலே ஒரு கை உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஜூம் செய்து எடுங்கள். நிமிர்ந்துவிடும். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் கண்ணாடியின் மேல் வெள்ளைக் கோடு விழாது. அடியில் துணி இருக்கும் படத்தையும் ஒன்று எடுங்கள், எந்தக் கடையில் ஒட்டியது என்ற சீல் சிலவற்றில் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, பூஜை அறையில் பஞ்சாங்கத்தின் மேலோ, பேரப்பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானிலோ ஒன்று இருக்கலாம். எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் தாள் இருந்தால் எழுதியிருப்பதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். சாமான் எனக்கு வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும். யாருக்கு, எதற்காகக் கொடுத்தார்கள் என்று வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது ஞாபகம் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். குறிப்பாக நான் தேடிக்கொண்டிருப்பது மூன்று: கூட்டுறவு நூற்பாலைகளின் திறப்பு விழாவுக்குக் கொடுத்தவை, 1969-க்கு முன்பு தனியார் வங்கிகளாக இருந்தபோது கொடுத்தவை, பிறகு எந்த மில் ஆனாலும் சரி, கேட் தெரிகிற மாதிரி படம் போட்டவை. கடைசி வகையில் கேட்டுக்கு வலது பக்கத் தூண் தெரிந்தால் அதில் போர்டு இருக்கிறதா இல்லையா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.